என் அம்மாவை எழுதியவள்

அந்த நாவலை நான் முதன்முதலாகப் பார்த்தது என் அம்மாவின் தலையணைக்கு அடியில்.

ஒரு சனிக்கிழமை மதியம், தேனியிலிருந்து பஸ் பிடித்து ஊருக்குப் போயிருந்தேன். அம்மா கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தாள். கட்டில் விரிப்பை மாற்றலாம் என்று தலையணையைத் தூக்கினால், கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகம். அட்டையில் மலை, மஞ்சு மூட்டம், இடுப்பில் கூடை கட்டிய ஒரு பெண்ணின் முதுகு. மேலே என் சிநேகிதி சுபத்ராவின் பெயர்.

என் அம்மா சவேரியம்மாள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஜெபப் புத்தகம் தவிர வேறொன்றை அவள் தலைமாட்டில் நான் கண்டதில்லை. தேடினேன். ஜெபப் புத்தகம் ஜன்னல் கட்டைக்கு மாறியிருந்தது.

முதல் பக்கத்தில் பச்சை மையில் எழுதியிருந்தது: ‘என் இன்னொரு அம்மாவுக்கு, உங்கள் பாப்பா.’

எனக்கு வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சல் என்பதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்வது என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. தொப்புளுக்கு மேலே நாலு விரற்கடை தள்ளி, நிஜமாகவே எரிகிறது. அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். இடத்தைத் தப்பாகச் சொல்ல மாட்டேன்.

அம்மா ஈரத் தலையோடு வந்து நின்றாள். “எடுத்த எடத்துல வையி. பாப்பா குடுத்தது.”

“எப்பக் குடுத்தா?”

“போன வியாழக்கெழம.”

“எங்கிட்டச் சொல்லவே இல்ல?”

“நீ கேக்கவே இல்ல” என்றாள் அம்மா, தலையைத் துவட்டிக்கொண்டே.

போன வாரம் இந்தப் பத்தியில் நர்ஸிங் விடுதியின் சமையல்காரியைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, ‘உங்களுக்கு யார் மேலேயும் கோபமே வராதா சிஸ்டர்?’ என்று கேட்டிருந்தார். வரும் தாயே. கோபத்தைவிட மோசமானதும் வரும். இந்த வாரம் அதுதான்.

மண்டி வீட்டுப் பாப்பா

சுபத்ரா போடியில் ஏலக்காய் மண்டிக்காரர் மகள். மலை மேலே, கேரளத்துப் பக்கம், அவர்களுக்குத் தோட்டமும் இருந்தது. அந்தத் தோட்டத்தில்தான் என் அம்மா பதினேழு வருடம் காயெடுத்தாள். விடிவதற்கு முன்னால் ஜீப். ஒரு ஜீப்பில் இருபது பேர், மடியில் மடி. பொழுது சாய இறங்கி வருவாள். காலில் அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம் காய்ந்திருக்கும்.

லீவு நாட்களில் முதலாளி மகள் தோட்டத்துக்கு வருவாள். ஆறு வயசு. “ஏ சவேரி, எனக்கு கொய்யாப்பழம் பறிச்சுக் குடு” என்பாளாம். என் அம்மா, “இந்தா பாப்பா” என்று பறித்துக் கொடுப்பாளாம். பாப்பாவுக்கு இப்போது ஐம்பத்தாறு வயசு, முட்டி வலி, மூக்குக் கண்ணாடி. என் அம்மாவுக்கு இன்னமும் பாப்பாதான். சவேரி மட்டும் எப்போதோ ‘அம்மா’ ஆகிவிட்டாள். எனக்கு அந்த வீட்டில் என்ன பெயர் தெரியுமா? “ஏய்.”

ஆறாம் வகுப்பில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் நானும் சுபத்ராவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் தரும சீட்டு. அவள் அம்பாசிடர் காரில் வருவாள். அன்றிலிருந்து சிநேகிதம்.

அவள் நல்லவள். சிக்கலே அதுதான். கெட்டவளாக இருந்திருந்தால் இதையெல்லாம் என்றைக்கோ எழுதி முடித்திருப்பேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி என் பக்கத்திலிருந்து தன் டிபன் பாக்ஸை நகர்த்தி வைத்தாள். சுபத்ரா எழுந்து வந்து, என் தூக்குச் சட்டியில் கையை விட்டு, என் கேப்பைக் களியைப் பிய்த்துத் தின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு விட்டாளா? சிஸ்டரிடம் சொன்னாள். வீட்டில் சொன்னாள். ஆண்டுவிழாவில் ‘சமத்துவம்’ என்ற தலைப்பில் பேசும்போது மைக்கிலும் சொன்னாள். பரிசு வாங்கினாள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். என் களியைத் தின்றதற்குப் பரிசு.

இப்படியே நாற்பது வருடம். அவள் கொடுப்பாள், நான் வாங்குவேன். பழைய புத்தகம், பழைய ஸ்வெட்டர், நர்ஸிங் சேரும்போது அவள் அப்பாவின் சிபாரிசுக் கடிதம். ஒன்றைக்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கதவைத் திறந்துவிட்டது நான்தான்

மூன்று வருடம் இருக்கும். ஒருநாள் காலையில் போன் பண்ணி அழுதாள். அவள் மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு பெரிய கடையில், இவன் எதையோ திருட வந்தவன் மாதிரி, காவலாள் பின்னாலேயே சுற்றியிருக்கிறான். கடைசியில் பையைத் திறக்கச் சொல்லிச் சோதித்திருக்கிறான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் யாரையும் கேட்கவில்லை.

“எம்புள்ள கறுப்பா இருக்கான்னுதான ரெஜி? தோலப் பாத்துத்தான?” என்று தேம்பினாள். “அப்பத்தேன்டி எனக்கு உங்கம்மா ஞாபகம் வந்துச்சு. எங்க தோட்டத்துல சாயங்காலம் எறங்கும்போது மடிய ஒதறிக் காட்டச் சொல்லுவாக. நான் நின்னு பாத்திருக்கேன். அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தோணலையேடி.”

“அழாத, விடு” என்றேன். போனை வைத்த பிறகு எனக்கு ஆத்திரம் பொங்கியது. அடியே, நாற்பது வருடமாக உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேனே. எங்கம்மா மடியை உதறியது உன் கண்ணில் பட, எங்கேயோ ஒரு கடைக்காவலாள் உன் மகன் பையைத் திறக்க வேண்டியிருந்ததா?

அதை அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். “அம்மாவைப் பார்த்துப் பேச வேண்டும்” என்று அவள் சொன்னபோது, “போய்ப் பாரேன், சும்மாதான் இருக்கு” என்று வழியைக் காட்டியது இந்த மகராசிதான்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை வியாழக்கிழமை கார் வந்தது. பால்கோவா வந்தது. ஜமுக்காளத்தில் போன் ரெக்கார்டர் ஓடியது. உடம்பு விசாரிக்கத்தான் வருகிறாள் என்று நான் இருந்தேன்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பற்றி நானும் எழுத ஆரம்பித்திருந்தேன். டியூட்டி ரூமில், ஊசி போடும் நேரங்களுக்கு நடுவில், மூன்று நோட்டுகள். மலைக்குப் போன கதையைச் சொல்லும்மா என்று எப்போது கேட்டாலும், “என்னத்தச் சொல்ல? குளுரு, அட்டை, மழ. நீ சாப்புட்டியா?” என்பாள். மூன்றாவது நோட்டு பாதியில் நின்று போனது. அதே வாய், அந்தப் பாப்பாவிடம் இருநூற்றெண்பது பக்கம் பேசியிருக்கிறது.

பென்சிலோடு படித்தேன்

அம்மாவுக்குத் தெரியாமல் புத்தகத்தைத் தேனிக்கு எடுத்து வந்தேன். கையில் பென்சில். தப்புக் கண்டுபிடிக்கத்தான். கடவுளே, இது மோசமான நாவலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பிரித்தேன். அப்படி ஒரு வேண்டுதல் செய்ததை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் செய்தேன். சாமியார் சிரித்துவிட்டார்.

முதல் இருபது பக்கத்தில் மூன்று தப்பு. ஜீப் நிற்கும் இடம் தப்பு. கூடையின் பெயர் தப்பு. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் பூசுவது தப்பு. பென்சில் குதித்தது.

பிறகு குதிக்கவில்லை. கோடு போட மறந்துவிட்டேன்.

ஓர் அத்தியாயம் வருகிறது. கதையில் வரும் அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் ஐந்து மாதம். மழையில் குளிர் பொறுக்க முடியாமல், காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்து, சூடான சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறாள். மேலே கீழே எல்லாம் ஏலக்காய் வாசனை. கண் சொக்குகிறது. அப்போது வயிற்றுக்குள் பிள்ளை முதன்முதலாக உதைக்கிறது. “ஏலே, ஒனக்கும் குளுருதா?” என்று கேட்கிறாள். கங்காணி வந்து விரட்டும்வரை அதனோடு பேசிக்கொண்டே இருக்கிறாள்.

அந்தப் பிள்ளை நான்.

நான் முதலில் உதைத்த இடத்தை என் ஐம்பத்தாறாவது வயதில் சுபத்ரா சொல்லித் தெரிந்துகொண்டேன். அதுவும் அந்த ஸ்டோர் அவள் அப்பாவுடையது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். நன்றாக எழுதியிருந்தாள், பாவி. நான் பத்து நோட்டு எழுதினாலும் அந்தப் பக்கம் எனக்கு வந்திருக்காது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாவலில் என் அப்பா இல்லை. மூன்றாம் பக்கத்திலேயே அந்தப் பெண்ணின் புருஷன் மரத்திலிருந்து விழுந்து செத்துப் போகிறான். பெயர்கூட இல்லை.

அப்பாவின் மனுக்கள்

எங்கள் ஊர் பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில், மலையைப் பார்த்தாற்போல இருக்கிறது. பெயர் வேண்டாம். ஊரே வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். மேலத் தெருவும் வேதம், கீழத் தெருவாகிய நாங்களும் வேதம். ஒரே சாமியார், ஒரே நற்கருணை. கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு.

மிக்கேல் சம்மனசு திருவிழாவில் சப்பரம் கோயிலிலிருந்து புறப்பட்டு, மேலத் தெரு முழுக்கப் போய், கடைவீதி சுற்றி, எங்கள் தெரு முக்கில் தண்ணீர்த் தொட்டிவரை வரும். அங்கே அப்படியே திரும்பிவிடும். கீழத் தெருக்காரர்கள் முக்குக்குப் போய் நேர்ச்சையாக உப்பும் மிளகும் வீசிக் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஏன் உள்ளே வரக்கூடாது என்று கேட்டால் சாதி என்று ஒருத்தர் வாயிலும் வராது. “தெரு குறுகலு, கரண்டுக் கம்பி தாழ்வு” என்பார்கள்.

என் அப்பா ஞானப்பிரகாசம் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டர். எட்டாவதுவரை படித்தவர். கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். அவர் கயிறு பிடித்துச் சப்பரத்தை அளந்தார், ஏழு அடி. தெருவை அளந்தார், பதினோரு அடி. மூங்கில் கழியில் கோடு போட்டுக் கம்பியின் உயரத்தையும் அளந்தார். எல்லாவற்றையும் எழுதி, கார்பன் தாள் வைத்து நகலெடுத்து, மனு கொடுத்தார். புதிதாக வந்த ஒவ்வொரு சாமியாருக்கும், அவர்களுக்கு மேலே இருக்கிற மேற்றிராணியாருக்கும், கலெக்டருக்கும். முப்பது வருடம். கவரில் ஆங்கிலத்தில் முகவரி எழுதுவது என் வேலை.

ஒரே ஒரு சாமியார் முயற்சி பண்ணினார். மேலத் தெருக்காரர்கள் கோயிலைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார்கள். அந்த வருடம் திருவிழாவே நடக்கவில்லை. சாமியாருக்கு மாறுதல் வந்தது. அப்பாவுக்கு டேங்க் வேலை போய் ஒன்றரை வருடம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. அந்த ஒன்றரை வருடமும் அம்மாவின் மலைக்கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது. “பேப்பர வேகவச்சா திங்கிறது?” என்று அம்மா வைவாள். அப்பா பேசாமல் அடுத்த மனுவுக்குத் தாளை மடிப்பார்.

கடைசி மனுவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கி, ‘ஞானப்பிரகாச’ வரைதான் வந்தது. அதைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் போய்விட்டார்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் சுபத்ரா மூன்றாம் பக்கத்தில் மரத்திலிருந்து தள்ளிவிட்டாள். அது போதாதென்று கடைசி அத்தியாயத்தில் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? ஊர் மனம் மாறுகிறதாம். சப்பரம் கீழத் தெருவுக்குள் வருகிறதாம். கிழவி உப்பும் மிளகும் வீசுகிறாளாம்.

படித்ததும் எனக்குச் சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம். மாட்டினாயா மகளே! பென்சிலால் பக்கம் கிழிகிற மாதிரி ஒரு கோடு போட்டேன்.

நான் பேசியது

தேனியில் ஒரு சின்ன மண்டபத்தில் வெளியீட்டு விழா. பேச என்னையும் கூப்பிட்டிருந்தாள். “நீ பேசலைன்னா யாருடி பேசுறது?” என்றாள். முன் வரிசையில் என் அம்மா, சுபத்ரா எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டில், கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் எடுத்துக் கொடுத்த பட்டு ஒன்றும் பெட்டியில் கிடக்கிறது. இரண்டு தீபாவளியாக மடிப்புக் கலையவில்லை.

எனக்கு முன்னால் பேசிய நாலு பேரும் ‘மனசாட்சி’ என்றார்கள். ‘ஒரு முதலாளி மகளின் துணிச்சல்’ என்றார்கள். அடுத்து நான் மைக்கைப் பிடித்தேன்.

“இந்தக் கதையில கடைசி அத்தியாயம் பொய்” என்று ஆரம்பித்தேன். “சப்பரம் எங்க தெருவுக்குள்ள வந்ததே இல்ல. இந்த வருசமும் வராது. எழுதினவங்களுக்கு அது தெரியாது. அவங்க தெருவுல எல்லாமே வரும். மலைமேல நின்னு பாத்தா எங்க தெரு அழகாத்தான் தெரியும். உள்ள வந்து இருந்து பாக்கணும்.”

பின்வரிசையில் கைதட்டினார்கள். சுபத்ராவின் முகம் சுண்டிப் போனது. பார்த்தேன். எனக்கு இனித்தது. இன்னும் ரெண்டு போட்டிருப்பேன், அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“ஏய், எறங்குடி கீழ! அவள எதுக்கு வையிற? நாஞ் சொன்னதத்தேன் அவ எழுதியிருக்கா. சப்பரத்த வரவிடு பாப்பான்னு நாந்தேன் சொன்னேன். கதையிலயாச்சும் வந்துட்டுப் போகட்டுமே, ஒனக்கென்ன?”

மண்டபமே சிரித்தது. நான் இறங்கிவிட்டேன். சொந்த அம்மா, அத்தனை பேர் முன்னால், அவள் பக்கம்.

திரும்பும்போது அம்மாவும் நானும் ஒரே ஆட்டோவில். பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தபோது அம்மா சொன்னாள்.

“உங்கப்பன் பேரச் சொல்லுவ, சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவளப் பத்தியே பேசிட்டு எறங்கிட்ட.”

“நீதான அவகிட்ட அப்பாவப் பத்திச் சொல்லல?”

“சொல்லலடி. அத நீ எழுதுவேன்னு வச்சிருந்தேன்.”

சுபத்ராவைக் குத்த வேண்டும் என்ற அவசரத்தில், கைக்குக் கிடைத்த மைக்கில் என் அப்பாவை நானே மறந்திருக்கிறேன். சுபத்ரா அவரை மூன்றாம் பக்கத்தில் விட்டாள். நான் மேடைக்கே கூட்டிப் போகவில்லை.

ஒரு போன்

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சுபத்ரா என் வீட்டுக்கு வந்தாள். மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சப்பரம் வருதுடி! உங்க தெருவுக்குள்ள, கடைசி வீடு வரைக்கும். பகல் சப்பரம். முடிவாயிருச்சு.”

“யாரு சொன்னா?”

“எங்கண்ணே திருவிழாக் கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டாக. நீ மேடையில சொன்னது எனக்குத் தூக்கமே இல்லாமப் பண்ணிருச்சு. நெசமாக்கிரணும்னு தோணுச்சு. அண்ணே பேசுனதும் சரின்னுட்டாக.”

சரி என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்? மேலத் தெருவில் பாதிப் பேர் ஏலக்காயைக் கொண்டு போய்ப் போடுவது அவள் அண்ணன் மண்டியில். கரண்டுக் கம்பியையும் ஒரே மதியத்தில் ஆள் வந்து உயர்த்திக் கட்டிவிட்டார்களாம்.

“ஒரு போனு” என்றேன்.

“ஆமாடி, ஒரே போனு!” என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. அவளுக்குப் புரியவில்லை.

“எங்கப்பா முப்பது வருசம் எழுதுனாரு சுபத்ரா. வேல போச்சு அவருக்கு. சாகுற அன்னிக்குக்கூட எழுதுனாரு. உங்கண்ணே சாப்புட்டுக் கை கழுவுற நேரத்துல ஒரு போனு.”

அவள் கை என் கையிலிருந்து நழுவியது. “நடக்கணும்னுதான ரெஜி உனக்கு வேணும்? யாரால நடந்தா என்ன?”

“யாரால நடந்துச்சுங்கறதுதேன் எங்களுக்கு எல்லாமே. உங்க வீட்டுப் போன்ல வந்தா, உங்க வீட்டுப் போன்ல திரும்பியும் போகும்.”

அவள் அழுதாள். அவளுக்குச் சட்டென்று அழுகை வரும், சின்ன வயதிலிருந்தே. “நான் சும்மா இருந்தாலும் தப்பு, செஞ்சாலும் தப்பு. எழுதுனாலும் தப்பு. என்னதாண்டி பண்ணச் சொல்ற?”

‘நீ நல்லவளாக இருப்பதை நிறுத்து’ என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது? காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

பகல் சப்பரம்

போகக்கூடாது என்று இருந்தேன். போனேன். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வது என்று தீர்மானம்.

தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தது. வீட்டுக்கு வீடு பனையோலைக் கடகாப் பெட்டியில் உப்பும் மிளகும். கேரளத்துப் பக்கம் வேலைக்குப் போனவர்கள்கூட வந்து இறங்கியிருந்தார்கள். அம்மா காலையிலேயே குளித்து, பெட்டியைத் திறந்து, நான் எடுத்துக் கொடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். “வரலையா?”

“நீ போ.”

“அங்கன ஒக்காந்து பொசுங்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கொட்டுச் சத்தம் முக்கில் வந்து நின்றது. திரும்பிவிடுமோ என்று அந்த ஒரு கணம் எனக்கே பயமாகிவிட்டது. திரும்பவில்லை. உள்ளே வந்தது. பெண்களின் குலவைச் சத்தத்தில் வீட்டுச் சுவர் அதிர்ந்தது. எதிர்வீட்டு அக்கா கேவிக் கேவி அழுவது கேட்டது. ஓலைக் கொட்டானில் சாப்பிட்ட சின்ன வயதிலிருந்து அந்த அக்காவை எனக்குத் தெரியும், அழுது பார்த்ததில்லை. நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சப்பரம் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நின்றது. கமிட்டித் தலைவரின் குரல் மைக்செட் குழாயில் வந்தது. “இந்த நற்காரியம் நடந்தேறுறதுக்கு முழுக் காரணமா இருந்த எழுத்தாளர், போடி மண்டி வீட்டு அம்மா அவுகள ரெண்டு வார்த்த பேசி மொத மாலையப் போடுமாறு கேட்டுக்கிறோம்.”

முழுக் காரணம்! நான் எழுந்து ஓடினேன். செருப்பில்லை. சேலை முந்தானை வாசல் கொண்டியில் மாட்டிக் கிழிந்தது. உப்புக்கல் காலில் குத்தியது. கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

சப்பரத்துக்கு முன்னால் சுபத்ரா, ஒரு கையில் மைக், ஒரு கையில் மாலை. கண்ணெல்லாம் தண்ணீர். “இது என்னால நடந்தது இல்ல” என்று ஆரம்பித்தாள். “இதுக்காக இந்தத் தெருவுல ஒருத்தர்…”

எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா பெயரைச் சொல்லப் போகிறாள். என் வீட்டு மாடியில் நான் திட்டியதைக் கேட்டு, மனசில் வாங்கி, இங்கே வந்து, அழகாக, எல்லாரும் அழுகிற மாதிரி அவளே சொல்லப் போகிறாள். என்னைவிட நன்றாகச் சொல்வாள். அம்மாவைப் போல, ஸ்டோரில் நான் உதைத்ததைப் போல, இதுவும் இனிமேல் அவள் சொன்னதாகிவிடும். வேண்டாம் தாயே, அதை மட்டுமாவது விட்டுவிடு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, பேச்சை நிறுத்தினாள். மைக்கை என் பக்கம் நீட்டினாள்.

அதையும் அவள்தான் கொடுக்க வேண்டுமா?

நான் வாங்கவில்லை. சப்பரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, தொண்டை நரம்பு தெறிக்கக் கத்தினேன். “எங்கப்பா! தண்ணி டேங்க் ஞானப்பிரகாசம்! மனுவா எழுதி எழுதிச் செத்தாரு!”

பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தெருக் கடைசியில் கொட்டுக்காரர்கள் நிறுத்தவில்லை. “என்னக்கா சொன்ன? கேக்கல!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். இன்னொரு தடவை கத்தினேன். குரல் உடைந்து வெறும் காற்று வந்தது.

அம்மா என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

“மைக்க வாங்குடி, கூறுகெட்டவளே. உங்கப்பன் பேரு கடைசி வீடு வரைக்கும் கேக்க வேணாமா?”

சுபத்ராவின் கை இன்னமும் நீட்டியபடியே இருந்தது. வாங்கினேன். அவள் உள்ளங்கை வேர்வையில் மைக் பிசுபிசுத்தது. அப்பாவின் பெயரை, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் முடிக்காமல் விட்ட கடைசி எழுத்துவரை, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். குழாயில் அது தெருவின் கடைசி வீட்டுச் சுவர்வரை போய் இடித்தது.

ஒருத்தர் கைதட்ட ஆரம்பித்தார், அதைப் பார்த்துத் தெருவே தட்டியது. முதலில் தட்டியது மைக்கை நீட்டிய கைதானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தெரியும்.